நிஹாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டெல்லியின் காலைச் சாப்பாடான நிஹாரியை நான் வீட்டில் செய்வேன் என்று தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், குடும்ப வாட்ஸ்அப் குழு என எல்லாப் பக்கமிருந்தும் சந்தேகங்கள் வருகின்றன. ஆட்கள்தான் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். சமையல் பகுதிக்கு வந்ததும் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

நிஹாரின்னா நம்ம ஆட்டுக்கால் பாயாதானே அக்கா? பேருதான் வேறயா?

சொந்தக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. பாயாவில் வேகுவது ஆட்டுக்கால். குழம்பு தண்ணியாக இருக்கும், உதட்டில் ஒட்டும், இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தோதாக இருக்கும். நிஹாரியில் முக்கியம் கெண்டைக்கால் சதை. அது மணிக்கணக்கில் சிறு தீயில் வெந்து, கரண்டி பட்டாலே பிரியும் பதத்துக்கு வரவேண்டும். கடைசியில் கோதுமை மாவு கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். மேலே சிவப்பாக நெய் மிதக்கும்.

ஹைதராபாத்தில் மட்டும் இந்த வித்தியாசம் கலங்கிப்போகும். அங்கே நஹாரி என்று கேட்டால் ஆட்டுக்காலும் நாக்கும் போட்ட, மாவு சேர்க்காத குழம்பு வரும், தொட்டுக்கொள்ள குல்ச்சா என்கிற ரொட்டி. அங்கே சாப்பிட்டு வந்தவர் "இது பாயாதான்" என்று சாதித்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

காலங்காத்தால யாராவது இவ்வளவு நெய்யோட கறி சாப்பிடுவாங்களா?

டெல்லி டிசம்பர் குளிரில் ஒருமுறை நின்று பார்த்தால் இந்தக் கேள்வி வராது. அரபியில் 'நஹார்' என்றால் பகல். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் சாப்பிடும் உணவு இது. இரவு அடுப்பேற்றி, அண்டாவின் வாயை மாவால் அடைத்து, கரியின் சன்னமான சூட்டில் விட்டுவிட்டால் விடியும்போது பதமாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் அண்டா காலியாகிவிடும். இப்போது சாயங்காலம் திறக்கும் நிஹாரிக் கடைகளும் பழைய டெல்லியில் இருக்கின்றன.

வீட்டில் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். நான் பெரும்பாலும் ஞாயிறு மதியத்துக்குத்தான் செய்கிறேன். சாப்பிட்டபின் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இது டெல்லியோடதா, லக்னோவோடதா, பாகிஸ்தானோடதா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

பழைய டெல்லி என்பது ஷாஜஹான் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய ஷாஜஹானாபாத். நிஹாரி அங்கே முகலாயர்களின் கடைசிக் காலத்தில், அதாவது 18-ஆம் நூற்றாண்டில், உருவானது என்பது டெல்லிக்காரர்கள் சொல்வது. லக்னோவை ஆண்ட அவத் நவாப்களின் சமையலறையில் பிறந்தது என்பது லக்னோக்காரர்கள் சொல்வது. 1947 பிரிவினையின்போது டெல்லியிலிருந்து கராச்சிக்குப் போன குடும்பங்கள் கைப்பக்குவத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். கராச்சியின் பர்ன்ஸ் ரோடு இன்று நிஹாரிக்குப் பேர்போன தெரு. பாகிஸ்தானில் பலர் இதைத் தேசிய உணவு என்றே சொல்வார்கள். ஆக மூன்று பேருக்கும் உரிமை உண்டு.

ருசியிலும் வித்தியாசம் தெரியும். டெல்லியில் காரமும் நிறமும் தூக்கலாக இருக்கும், கூட கமீரி ரொட்டி, அதாவது புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டி. லக்னோ சௌக்கில் அக்பரி கேட் பக்கம் ரஹீம்ஸ் போன்ற கடைகளில் கிடைப்பது சாந்தமானது. ஏலக்காய், ஜாதிபத்திரி வாசனை முன்னால் நிற்கும், அடுக்கடுக்கான குல்ச்சாவோடு தருவார்கள். கராச்சியில் குழம்பு இன்னும் கெட்டி. மேலே எலும்பு மஜ்ஜை வைத்தால் நல்லி நிஹாரி, மூளை சேர்த்தால் மகஜ் நிஹாரி.

அரண்மனை ஹக்கீம்கள், அதாவது யுனானி வைத்தியர்கள், சளிக்கு மருந்தாகக் கொடுத்தார்கள், கட்டட வேலைக்கு வந்தவர்களுக்குக் காலையில் ஊற்றினார்கள் என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. எனக்கு இரண்டாவது கதையின் பக்கம்தான் சாய்வு. கெண்டைக்கால் என்பது யாரும் விரும்பி வாங்காத கடினமான கறி. அதை மலிவாக வாங்கி, ராத்திரி முழுக்க அணையப்போகும் அடுப்பில் விட்டு மெதுவாக்கும் யோசனை, ராஜா வீட்டு மூளையிலிருந்து வந்த மாதிரி தெரியவில்லை.

ஹலீமும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஹலீமில் கோதுமை, பருப்பு, கறி எல்லாம் சேர்ந்து வெந்து, மரத்தடியால் மசித்து ஒரே களியாகிவிடும். நிஹாரியில் கறி துண்டாகவே நிற்கும், மாவு குழம்பில் மட்டும். 2010-இல் புவிசார் குறியீடு வாங்கியது ஹைதராபாதி ஹலீம். அதை நிஹாரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கறிக்கடையில என்னன்னு கேட்டு வாங்கணும்?

பழைய டெல்லியில் 'படே கா' என்றால் எருமை, 'சோட்டே கா' என்றால் ஆடு. பசுவதைக்கு அங்கே தடை இருப்பதால் நிஹாரிக் கடைகளில் பெரும்பாலும் எருமைக்கறிதான். பாகிஸ்தானில் மாட்டுக்கறி, கெண்டைக்காலை அங்கே 'போங்' என்பார்கள். நம் ஊரில் மாட்டுக்கறி வாங்குகிறவர்கள் காலின் கீழ்ப்பக்கச் சதையை, நடுவில் வெள்ளை நரம்பு ஓடும் துண்டாகக் கேளுங்கள். "அது வேகாதும்மா, தொடைக்கறி தர்றேன்" என்று கடைக்காரர் நல்ல எண்ணத்தில் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வெள்ளை நரம்புதான் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது. தொடைக்கறி மணிக்கணக்கில் வெந்தால் சக்கையாகிவிடும்.

மட்டன் என்றால் முழங்காலுக்குக் கீழே எலும்போடு இருக்கும் கால்சதை. கூடவே நான்கு நல்லி எலும்பு, இரண்டு அல்லது மூன்று அங்குல நீளத்தில் வெட்டச் சொல்லுங்கள். கறியைச் சின்னச் சின்னதாக நறுக்க விடாதீர்கள். உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டு வேண்டும், வேகும்போது சுருங்கும்.

எங்க வீட்ல சிக்கன்தான். சிக்கன்ல பண்ணா நிஹாரி ஆகுமா?

ருசியான சிக்கன் குழம்பு ஆகும். கோழியில் மணிக்கணக்கில் கரைவதற்கு ஒன்றும் இல்லை, 40 நிமிடத்தில் வெந்துவிடும். செய்தே தீர வேண்டுமென்றால் தோலுரித்த முழுக்கால் துண்டுகளை எடுங்கள். தண்ணீருக்குப் பதில் எலும்பு வேகவைத்த சூப் ஊற்றுங்கள். மசாலாவைப் பாதியாக்குங்கள்.

மசாலாவுல என்னென்ன போகுது? கடைல பாக்கெட் விக்குதே, அது போதாதா?

ஒரு கிலோ கறிக்கு நான் போடுவது: சோம்பு 2 மேசைக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, அரிசித் திப்பிலி 4, கிராம்பு 6, பச்சை ஏலக்காய் 6, கறுப்பு ஏலக்காய் 2, பட்டை 2 அங்குலம், ஜாதிபத்திரி ஒரு இதழ், ஜாதிக்காய் சுண்டைக்காய் அளவு, பிரிஞ்சி இலை 2. சுக்கையும் ஜாதிக்காயையும் தவிர மற்றதை வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வாசனை வரும்வரை புரட்டி, ஆறவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து நைசாகப் பொடிக்க வேண்டும். நிறம் மாறும்வரை வறுக்க வேண்டாம்.

பட்டியலைப் பார்த்ததும் பாட்டிமார்களுக்குப் புரிந்துவிடும்: சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் இருக்கின்றன, நம் திரிகடுகம். தொண்டையில் மெல்ல ஏறும் அந்தச் சூடு மிளகாயால் மட்டும் வராது, சுக்கும் திப்பிலியும் வேண்டும். திப்பிலி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். முன்னால் நிற்க வேண்டிய வாசனை சோம்பு; மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பாக்கெட் மசாலா தாராளமாகப் பயன்படுத்தலாம், பாகிஸ்தானிலேயே பல வீடுகளில் அதுதான். ஆனால் அதில் உப்பும் மிளகாயும் ஏற்கெனவே இருக்கும். தனியாக உப்பு போடாமல் ஆரம்பித்து, கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்முறையை முதல்லேர்ந்து சொல்லுங்க.

அடி கனமான பாத்திரத்தில் 150 மில்லி நெய் காய்ச்சி (பாதி எண்ணெயாகவும் இருக்கலாம்), ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிடுங்கள். பாதி மேலே தூவ, பாதியைக் கையால் நொறுக்கிக் குழம்பில் போட. அதே நெய்யில் 2 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் கறியும் நல்லி எலும்பும். தீயைக் கூட்டி, கறி விடும் தண்ணீர் வற்றும்வரை பத்து நிமிடம் புரட்டுங்கள். பிறகு காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி. கருகாமலிருக்க அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் நெய் பிரியும்வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மேலே மிதக்க வேண்டிய சிவப்பு பின்னால் வராது.

இப்போது நிஹாரி மசாலாவில் முக்கால் பங்கு, நொறுக்கிய வெங்காயம், கொதிக்கும் தண்ணீர் 2 லிட்டர். ஒரு கொதி வந்ததும் மூடி, விளிம்பைப் பிசைந்த மாவால் ஒட்டி, அடியில் ஒரு பழைய தோசைக்கல்லை வைத்து, அடுப்பை உள்ளதிலேயே சின்னத் தீக்குக் கொண்டுவாருங்கள். மட்டனுக்கு மூன்று மணி நேரம், மாடு அல்லது எருமைக்கு ஐந்திலிருந்து ஆறு. நடுவில் திறந்து பார்க்கும் ஆசை வரும்; அதற்குத்தான் மாவு ஒட்டுவது.

வெந்ததும் அடுப்பை அணைத்து கால் மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். சிவப்பு நெய் மேலே வந்து நிற்கும். 'ரோகன்' என்று சொல்லும் அதை அகலக் கரண்டியால் வழித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கறித் துண்டுகளையும் பதமாக எடுத்து வைத்துவிடுங்கள். 6 மேசைக்கரண்டி கோதுமை மாவை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறியதும் ஒன்றரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சிறு தீயில் இருக்கும் குழம்பில் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். 25 நிமிடம் அடிக்கடி துழாவிக்கொண்டே கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் படிந்த குழம்பில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும், அதுதான் பதம். கறியைத் திரும்பப் போட்டு, மீதி மசாலாவைத் தூவி, மூடி 20 நிமிடம் தம்மில் விடுங்கள். பரிமாறும்போதுதான் ரோகனை மேலே ஊற்ற வேண்டும்.

தக்காளி இல்ல, தேங்காய் இல்ல, தயிர்கூட இல்லயே? ருசி எப்படி வரும்?

எலும்பிலிருந்தும் நரம்பிலிருந்தும் நேரத்திலிருந்தும் வரும். தக்காளி போட்டால் சால்னா ஆகிவிடும், தேங்காய் போட்டால் குருமா. தயிர் சேர்க்கும் வீடுகள் உண்டு, நான் சேர்ப்பதில்லை. புளிப்புக்கு எலுமிச்சம்பழம் இருக்கிறது. அதைத் தட்டில் பிழிந்துகொள்ள வேண்டும், சட்டியில் இல்லை.

ஆறு மணி நேரம் கேஸ் எரிக்க முடியாது. குக்கர்ல வெக்கலாமா?

வைக்கலாம். நரம்பில் உள்ள கொலாஜன் சூட்டில் மெல்ல ஜெலட்டினாக மாறுவதுதான் இங்கே நடக்கும் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும், அதனால் வேலை சீக்கிரம் முடிகிறது. தண்ணீரை ஒன்றரை லிட்டராகக் குறைத்து, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் மட்டனுக்கு 35 முதல் 40 நிமிடம், மாடு எருமைக்கு ஒரு மணி நேரம். குக்கர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக் கூடாது.

விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே குழம்பு தளதளவென்று கொதித்து நெய்யும் நீரும் கலந்துவிடும், ரோகன் பிரியாது. தானாக அடங்கட்டும். மாவைச் சேர்த்துவிட்டுக் குக்கரை மூடவே கூடாது, அடிப்பிடித்துவிடும். திறந்தபின் மேலே சொன்ன வரிசையிலேயே தொடருங்கள்.

மாவு ஊத்தினதும் கட்டி கட்டியா ஆயிடுச்சு. இன்னொரு தடவை பசை மாதிரி ஆச்சு. என்ன தப்பு?

கட்டி விழுந்தால் சுடுதண்ணீரில் மாவைக் கரைத்திருப்பீர்கள், அல்லது குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒரேயடியாகக் கொட்டியிருப்பீர்கள். கறி வெளியே இருப்பதால் பயமில்லை. குழம்பை வடிகட்டியில் ஊற்றிக் கட்டிகளைக் கரண்டியால் தேய்த்து இறக்கிவிடலாம்.

பசையாவதற்குக் காரணம் பொறுமையின்மை. மாவு கெட்டிப்பட பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் "தண்ணியா இருக்கே" என்று இன்னும் இரண்டு கரண்டி கரைத்து ஊற்றினால், ஆறும்போது அல்வா பதம்தான். ஜெலட்டினும் ஆற ஆறத் தடிக்கும் என்பதை மனதில் வைத்து, கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். கெட்டியாகிவிட்டால் கொதிநீர் ஊற்றி இளக்கலாம்.

எனக்கு மேலே எண்ணெய் மிதக்கவே இல்ல. நெய் நிறையதான் ஊத்தினேன்.

ரோகனை எடுக்காமல் மாவை ஊற்றியிருப்பீர்கள். மாவு நெய்யைப் பிடித்துக்கொண்டால் திரும்ப விடாது. செய்முறையில் வழித்தெடுக்கச் சொன்னது அதற்குத்தான். இல்லையென்றால் தீ அதிகமாக இருந்து கடைசிவரை தளதளவென்று கொதித்திருக்கும்.

இப்போதைக்கு ஒப்பேற்ற வழி இருக்கிறது. 4 மேசைக்கரண்டி நெய்யைக் காய்ச்சி, அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைப் போட்டு, உடனே குழம்பின்மேல் ஊற்றுங்கள்.

நல்லி எலும்பைத் தட்டிப் பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்ல! கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

பாவம் அவர். மஜ்ஜை உருகிக் குழம்பில் இறங்கியிருக்கும், வீணாகவில்லை. எலும்புக்குள் அப்படியே வேண்டுமென்றால் நல்லியை ஆரம்பத்தில் போடாதீர்கள். கடைசி 40 நிமிடத்துக்குத் தனிச் சட்டியில், உப்புத் தண்ணீரில், நிற்கவைத்து வேகவையுங்கள். கீழ்ப்பக்க வாயைப் பிசைந்த மாவால் அடைத்துவிட்டால் இன்னும் நல்லது. பரிமாறும்போது தட்டில் நிற்கவைத்து, மேலே குழம்பை ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரையும் குழம்பை இளக்கப் பயன்படுத்தலாம்.

லேசா கசக்குதே?

மசாலா கருகியிருக்கும், அல்லது ஜாதிக்காய் அதிகமாகியிருக்கும். வெங்காயம் கருத்துப்போனாலும் கசக்கும். கொதிநீரும் உப்பும் சேர்த்துப் பெருக்கி, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சமாளிக்கலாம். சர்க்கரை வேண்டாம்.

நூறு வருஷமா அணையாத அண்டான்னு சொல்றாங்களே, அது நிஜமா? வீட்ல பண்ணலாமா?

பழைய கடைகளில் நேற்றைய நிஹாரியில் கொஞ்சம் எடுத்துவைத்து இன்றைய அண்டாவில் கலக்கும் வழக்கம் உண்டு. அதை 'தார்' என்பார்கள். தலைமுறை தலைமுறையாக விடாமல் தொடர்கிறது என்று பெருமை பேசும் கடைகளும் உண்டு. தினம் தினம் கலந்து விற்றுத் தீர்வதால் பழைய குழம்பில் இன்று மிஞ்சியிருப்பது துளியிலும் துளி. ருசிக்குக் காரணம் வயது என்பதைவிட, நேற்றைய கெட்டியான சாறு இன்றைய தண்ணீரோடு சேர்வதுதான்.

வீட்டில் செய்யலாம், ஆனால் அடுப்பு மேடையில் வைத்து இல்லை. கறிக்குழம்பு வெதுவெதுப்பாக நெடுநேரம் நின்றால் அதில் வளரும் சில கிருமிகளின் வித்துகள் கொதித்தாலும் சாகாதவை. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தாருக்கு ஒரு டம்ளர் குழம்பை ஃப்ரீசரில் போட்டுவைத்து, அடுத்த முறை தண்ணீர் ஊற்றும் கட்டத்தில் சேர்த்துக் கொதிக்கவிடலாம். மறுநாள் நிஹாரி முதல் நாளைவிட நன்றாக இருக்கும் என்பதால், விருந்துக்கு முந்தின நாளே செய்வதுதான் புத்திசாலித்தனம். மாவு சேர்த்த குழம்பு சூடாக்கும்போது அடிப்பிடிக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவையுங்கள்.

இட்லி தோசைக்குத் தொட்டுக்கலாமா?

உங்கள் வீடு, உங்கள் இட்லி. எனக்கு அந்தப் புளிப்பும் இந்தச் சோம்பு வாசனையும் ஒத்துப்போகவில்லை. கமீரி ரொட்டியோ நானோ கிடைக்காத ஊரில் பரோட்டாதான் சரியான துணை. பிய்த்துப் போட்டு ஊறவிடாமல், தொட்டுச் சாப்பிட வேண்டும். மேலே குச்சி குச்சியாக நறுக்கிய இஞ்சி, பச்சைமிளகாய், மல்லித்தழை, பொரித்த வெங்காயம், எலுமிச்சை. இவை அலங்காரம் இல்லை. அவ்வளவு நெய்க்கு நடுவில் பச்சை இஞ்சி இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் இருக்கு. கொடுக்கலாமா? எனக்கு கோதுமை வேற ஒத்துக்காது.

செங்கறியில் பியூரின் அதிகம், அதிலிருந்துதான் உடம்பில் யூரிக் அமிலம் உருவாகிறது. கவுட் (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலி) வந்தவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கொழுப்பு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ரோகனைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளலாம்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வறுத்த அரிசிமாவோ பொட்டுக்கடலை மாவோ கரைத்து ஊற்றலாம். அரிசிமாவு சீக்கிரம் தடிக்கும், 4 மேசைக்கரண்டியில் ஆரம்பியுங்கள். கூடவே பாக்கெட் மசாலாவின் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள், சிலவற்றில் மாவு கலந்திருக்கும். மூடியை ஒட்டுவதும் கோதுமை மாவாக இருக்கக் கூடாது, மறக்காதீர்கள்.

அஞ்சு கிலோ பண்ணணும், அளவை எல்லாம் அஞ்சால பெருக்கினா போதுமா அக்கா?

கறிக்கும் இஞ்சி பூண்டுக்கும் போதும். மற்றதற்குப் போதாது. பெரிய அண்டாவில் தண்ணீர் அவ்வளவு வற்றாது, அதனால் பத்து லிட்டருக்குப் பதில் ஏழில் ஆரம்பித்து, குறைந்தால் கொதிநீர் சேருங்கள். மசாலாவையும் மிளகாயையும் நான்கு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிராம்பு, ஜாதிக்காய், கறுப்பு ஏலக்காய் மூன்றும் மூன்று மடங்கு போதும். பெரிய அளவில் அவை மற்ற வாசனையை விழுங்கிவிடும்.

மாவைக் கறியின் எடையைப் பார்த்துப் போடாதீர்கள். ரோகனையும் கறியையும் எடுத்தபின் மிஞ்சும் குழம்பு எத்தனை லிட்டர் என்று பார்த்து, லிட்டருக்கு 4 மேசைக்கரண்டி என்று கணக்கிடுங்கள். உப்பில் பாதியைக் கடைசிக்கு நிறுத்திவையுங்கள். மட்டனும் மாட்டுக்கறியும் இரண்டும் வேண்டும் என்று வீட்டில் கேட்டால் இரண்டு அண்டா வைத்துக்கொள்ளுங்கள். வேகும் நேரம் பாதிக்குப் பாதி வித்தியாசம்.